புள்ளி வைக்காத ஒன்பது பக்கங்கள்

தமிழில் எழுதுவதற்கு மிக எளிய எழுத்து எது என்று முதலாண்டு வகுப்பில் கேட்டால் மாணவர் பலரும் 'ட' என்பர். சிலர் 'ப' என்பர். புள்ளியை ஒருவரும் நினைப்பதில்லை. அது தனியெழுத்து அன்றே என்று அவர்கள் வாதிட்டால் நம்மிடம் மறுமொழியும் இல்லை. பதினாறு ஆண்டுகளாகத் தமிழ் பயிற்றுவித்து வரும் நாமும் அதனைப் பொருட்படுத்தியதில்லை. சென்ற கல்வியாண்டின் இறுதியில் ஒரு வியாழக்கிழமை இரவு, பத்து மணியளவில், நமது மடிக்கணினியின் விசைப்பலகையில் ஒரே ஒரு விசை செயலிழந்தது. அன்றுதான் புள்ளியின் அருமை விளங்கிற்று.

செயலிழந்தது எஃப் விசை. ஆங்கிலத்தில் எழுதுவோர்க்கு அது இருபத்தாறில் ஒன்று. தமிழ் 99 விசைப்பலகையில் பழகியோர்க்கோ அதுவே புள்ளி. 1999ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழிணைய மாநாட்டையொட்டி உருவாகி, அதே ஆண்டில் தமிழக அரசின் ஒப்புதல் பெற்ற அமைப்பு அது. உயிரெழுத்துகள் இடக்கைப் பக்கமாகவும் மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் பக்கமாகவும் பகுக்கப்பட்டிருக்க, புள்ளியை இடக்கைச் சுட்டுவிரல் இயல்பாகத் தங்கும் இடத்தில் வைத்தனர். விசைப்பலகையைப் பாராமலேயே விரல் அவ்விடத்தை உணர்வதற்காக எஃப், ஜே ஆகிய இரு விசைகளின்மேல் மட்டும் சிறு மேடு இருக்கும். அத்தகைய இடத்தைப் புள்ளிக்கு ஒதுக்கியவர்கள் தமிழ்ச் சொற்களின் இயல்பை நன்கு கணக்கிட்டவர்களே. ஆய்தமும் அவ்விசையிலேயே உறைகிறது. ஆதலின் 'எஃப்' என்னும் பெயரைத் தமிழில் எழுதவும் அதே விசை இருமுறை வேண்டும்! பழுதின் பெயரையே எழுதவியலாத நிலை நமக்கு வாய்த்தது.

அவ்விரவில் நாம் அடித்துக்கொண்டிருந்தது என்ன என்பதைச் சொல்லியாக வேண்டும். நமக்கு இளங்கலையில் தமிழ் கற்பித்த பேராசிரியர், ஓய்வு பெற்றுப் பல்லாண்டுகள் ஆனவர், சீறாப்புராணத்தின் அருஞ்சொற்களுக்கு எழுதி வைத்திருந்த குறிப்புகள் மூன்று நீண்ட ஏடுகளில் இருந்தன. உமறுப்புலவரின் 5027 பாடல்களையும் வாழ்நாளெல்லாம் திரும்பத் திரும்பப் படித்தவர் அவர். குறிப்புகளை அச்சேற்ற வேண்டும் என்று யாரிடமும் கேட்டதில்லை. 2017ஆம் ஆண்டு நாமாகவே சென்று, "ஏடுகளைத் தாருங்கள் ஐயா, ஆறு மாதத்தில் கணினியில் ஏற்றித் தருகிறேன்" என்று வாங்கி வந்தோம். ஆறு மாதம் ஆறாண்டுக்கு மேலாயிற்று. விடைத்தாள் திருத்தம், தரமதிப்பீட்டுக் குழு வருகை, முடியாத முனைவர் பட்ட ஆய்வு என்று காரணங்கள் பலவுண்டு. அவற்றுள் ஒன்றும் அவர் முன்னே சொல்லத் தக்கதன்று. இடையில் அவருக்குக் கண்ணழுத்த நோய் முற்றிப் பார்வை பெரிதும் குன்றிவிட்டது. ஆண்டு விழாவில் நூலை வெளியிடுவது என்று துறை முடிவு செய்தது. திங்கட்கிழமைக்குள் அச்சகத்திற்குக் கோப்புப் போய்ச் சேர வேண்டும். நூற்று நாற்பத்து மூன்று பக்கங்கள் முடிந்திருந்தன. எஞ்சியவை பத்துப் பன்னிரண்டு பக்கங்களே.

விசை ஒரே நொடியில் செத்துவிடவில்லை. ஒரு கிழமையாகவே அது முரண்டு பிடித்தது. சில வேளை இருமுறை தட்டினால் ஒரு புள்ளி விழும்; அழுத்தி அடித்தால் விழும். நாமும் அழுத்தியே அடித்துக் காலம் கடத்தினோம். அழுத்தினால்தான் இயங்கும் விசை என்பது நோய் வந்துவிட்டதன் அறிகுறி என்று அறிந்தோர் பின்னர்ச் சொன்னார்கள். வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் இறுகினால் எண்ணெய் விடுகிறோம். கணினிக்கு மட்டும் ஏனோ வன்முறையே மருந்து என்று கருதிவிடுகிறோம்.

முதலில் மென்பொருளின் மேல் ஐயுற்றோம். தமிழெழுத்து மென்பொருளை நிறுத்திவிட்டு ஆங்கிலத்தில் எஃப் விசையைத் தட்டினோம். ஒன்றும் விழவில்லை. ஆகவே பழி தமிழின் மேல் இல்லை. கணினியை ஒருமுறை அணைத்து மீண்டும் இயக்கினோம்; மாற்றமில்லை. பிறகு திரையிலேயே தோன்றும் விசைப்பலகையை வரவழைத்தோம். விண்டோஸில் கண்ட்ரோல், விண்டோஸ் விசைகளோடு ஓ விசையைச் சேர்த்தழுத்தினால் அது வரும். திரையிலுள்ள எஃப் கட்டத்தை மவுஸால் சொடுக்கினால் புள்ளி அழகாக விழுந்தது. மற்றொன்றும் கண்டோம்: மேசையில் இருக்கும் விசைகளை நாம் தட்டும்போது திரையிலுள்ள கட்டங்களும் நிறம் மாறிக் காட்டுகின்றன. டி தட்டினால் டி மின்னுகிறது. ஜி தட்டினால் ஜி மின்னுகிறது. எஃப் மட்டும் அசையவில்லை. தட்டும் செய்தியே கணினிக்குப் போய்ச் சேரவில்லை என்பது இதனால் உறுதியாயிற்று. (வலப்பக்க ஷிப்ட் விசையை எட்டு நொடி தொடர்ந்து அழுத்திவிட்டால், விரைவான தட்டல்களைப் புறக்கணிக்கும் வசதி ஒன்று இயங்கத் தொடங்கிக் குழப்பம் விளைவிக்கும் என்று படித்திருந்தோம். அது எல்லா விசைகளையும் பாதிக்குமேயன்றி ஒன்றை மட்டும் தேர்ந்து வதைக்காது.)

அத்துடன் நின்று, மறுநாள் அறிந்தவர் ஒருவரை அழைத்திருக்கலாம். நாம் நிற்கவில்லை. கணினியை அணைத்து, மின்னிணைப்பை நீக்கி, தலைகீழாகக் கவிழ்த்து மெல்லத் தட்டினோம். எள்ளும் முறுக்குத் துகளுமாக ஒரு சிறு விருந்தே உதிர்ந்தது. 2020ஆம் ஆண்டு ஊரடங்கின்போது நம் மகள் இக்கணினியில்தான் பள்ளிப் பாடம் கேட்டாள். பாடத்தோடு பலகாரமும் நடந்திருக்கிறது. இதுவரை நாம் செய்தது முறையானது. அடுத்துச் செய்ததுதான் அறிவீனம். அடுக்களையிலிருந்து பழம் நறுக்கும் கத்தியை எடுத்து வந்து, எஃப் விசையின் மூடியை நெம்பினோம். 'டிக்' என்று ஓர் ஒலி கேட்டது. மூடி கையோடு வந்தது. அதனோடு வெள்ளைப் பிளாஸ்டிக் கொக்கி ஒன்றும் முறிந்து வந்தது.

விசைமூடிக்குக் கீழே, கத்தரிக்கோல் போல் ஒன்றையொன்று ஊடறுக்கும் இரு சிறு சட்டங்கள் உள. மூடி சாயாமல் நேராக இறங்கி ஏறுவது அவற்றால்தான். அவற்றின் நடுவே ரப்பராலான ஒரு சிறு குமிழ். அதற்கும் அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாள்கள் மூன்று. மேல் தாளிலும் கீழ்த் தாளிலும் மின்சாரம் பாயும் மையால் கோடுகள் வரையப்பட்டிருக்கும். நடுத்தாளில் ஒவ்வொரு விசைக்கும் நேராக ஒரு துளை இருக்கும். குமிழ் அமிழ்ந்து மேல் தாளை அழுத்தும்போது அத்துளை வழியாக இரு கோடுகளும் தொட்டுக்கொள்கின்றன. அத்தொடுகையே எழுத்து. விசைகள் அனைத்தும் குறுக்கும் நெடுக்குமான கோடுகளின் சந்திப்பில் அமைந்திருப்பதால், ஒரே வரிசையைச் சேர்ந்த பல விசைகள் ஒருங்கே செயலிழந்தால் கோடு அறுந்தது எனக் கொள்ளலாம்; ஒன்று மட்டும் செயலிழந்தால் குறை அவ்விடத்தில்தான் இருக்கும். நமது எஃப் விசையின் குமிழைச் சுற்றிப் பழுப்பு நிறத்தில் ஏதோ பசைபோல் உறைந்திருந்தது. தேநீராக இருக்கலாம். அது மகளுடையதன்று, நம்முடையதே.

"என்னங்க, மணி பன்னிரண்டாகுது. அந்தக் கத்தியைக் கொண்டாந்து வைங்க, ஸஹருக்கு இல்லாவிட்டாலும் காலையிலே வேணும்" என்ற குரல் உள்ளிருந்து வந்தது. கத்தியைக் கொடுத்துவிட்டு மீண்டும் அமர்ந்தோம்.

திரை விசைப்பலகையில் புள்ளிக்கு மட்டும் மவுஸைச் சொடுக்கி அரைப்பக்கம் அடித்துப் பார்த்தோம். அரைப்பக்கத்திற்கு முக்கால் மணி ஆயிற்று. அப்போதுதான் ஓர் எண்ணம் தோன்றியது: புள்ளியே வைக்காமல் அடித்துக்கொண்டு போய்விட்டு, விசை சரியான பின் புள்ளிகளை இட்டு நிரப்பினால் என்ன?

இதற்குத் தமிழ் 99 ஓரளவு இடமும் தருகிறது. ஒரே மெய் இருமுறை வந்தால் முதலாவதற்குப் புள்ளி தானாகவே விழும். மெல்லினத்தை அடுத்து அதன் இன வல்லினம் வந்தாலும் அவ்வாறே: ங்க, ஞ்ச, ண்ட, ந்த, ம்ப, ன்ற. இவ்விதியை வகுப்பில் சொல்லியிருக்கிறோம். அதன் முழு ஆற்றலை அவ்விரவுதான் கண்டோம். அம்மா, அத்தா, அண்ணா, அக்கா, தம்பி, தங்கை ஆகிய எல்லாரும் புள்ளி விசையின் தயவின்றியே வந்து சேர்ந்தார்கள். 'புள்ளி' என்னும் சொல்லையே புள்ளி விசையின்றி அடிக்க முடிகிறது! 'தமிழ்' என்னும் சொல் மட்டும் வரமாட்டேன் என்றது. ஆசிரியர், மாணவர், பெரியவர் என மதிப்புத் தரும் ரகர மெய்யில் முடிவன யாவும் தலையில்லாமல் நின்றன. வீட்டார்க்கு வேண்டாத புள்ளி வெளியார்க்கு வேண்டியிருக்கிறது. 'கல்வி' என்னும் சொல் என்ன ஆயிற்று என்பதைப் பெரியோர் கூடும் இம்மலரில் எழுதவியலாது. இலக்கிய மாணவர் தாமே அறிவர்.

விடியும்வரை ஒன்பது பக்கங்கள் அடித்தோம்.

புள்ளியில்லாத தமிழ் நமக்குப் புதிதன்று என்று அவ்வேளையில் மனத்தைத் தேற்றிக்கொண்டோம். மெய்யின் இயல்பு புள்ளியோடு நிற்றல் என்பது தொல்காப்பியர் வகுத்த விதியே. ஆயினும் ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை பொத்துவிடும் என்று, ஏடெழுதியோர் அதனை விட்டுவிட்டே எழுதினர். அவ்வேடுகளைப் பதிப்பித்த பெருமக்கள் ஒவ்வோர் எழுத்தையும் மெய்யோ உயிர்மெய்யோ என்று பொருள் கண்டு துணிந்தே புள்ளியிட்டனர். அரபு எழுத்திலும் இதற்கொப்பான வரலாறு உண்டு. பா, தா, ஸா என்னும் மூன்றும் ஒரே வடிவின. மேலும் கீழும் இடும் புள்ளிகளாலேயே வேறுபடுவன. மிகப் பழைய கையெழுத்துப் படிகளில் அப்புள்ளிகள் அருகியே காணப்படும். உயிரொலி ஏறாத எழுத்தின்மேல் இடும் சுகூன் என்னும் சிறு வட்டம் நம் புள்ளியின் உடன்பிறப்பே. அரபுத் தமிழில் எழுதிய நம் முன்னோர் மெய்யைக் காட்ட அதனைத்தான் பயன்படுத்தினர். மக்தபில் அதனை முதன்முதலாகக் கற்றபோது, "இது தமிழ்ப் புள்ளிதானே அஸ்ரத்?" என்று நாம் கேட்டுக் குட்டு வாங்கியது இன்னும் நினைவிருக்கிறது.

தட்டச்சுப் பொறிக் காலத்தில் புள்ளிக்குத் தனிச் சிறப்பு இருந்தது. 1998ஆம் ஆண்டு, மேல்நிலைத் தேர்வு முடிந்த விடுமுறையில், நமதூர் தட்டச்சுப் பயிலகம் ஒன்றில் காலை ஆறு மணி வகுப்பில் தமிழ்த் தட்டச்சு பயின்றோம். ஏனைய விசைகளைத் தட்டினால் தாளைத் தாங்கிய உருளை ஓரிடம் நகரும். புள்ளி விசையைத் தட்டினால் நகராது. ஆதலின் புள்ளியை முதலில் இட்டு, எழுத்தை அதன் கீழே பின்னர் அடிக்க வேண்டும். கையால் எழுதும்போது எழுத்துக்குப் பின் புள்ளி. பொறியிலோ புள்ளிக்குப் பின் எழுத்து. கணினி வந்தபின் மறுபடி எழுத்துக்குப் பின் புள்ளி. நம் தலைமுறையினர் விரல்கள் இவ்வாறு மூன்று ஒழுங்குகளுக்கும் பழகியவை.

வெள்ளிக்கிழமை கல்லூரிக்கு விடுமுறை, துறையும் பூட்டியிருந்தது. ஜும்ஆ தொழுகை முடிந்து வருகையில் முதுகலை இரண்டாம் ஆண்டு மாணவர் ஒருவரைப் பள்ளிவாசல் வாயிலில் கண்டோம். அவருடைய அண்ணன் கைப்பேசி பழுது பார்க்கும் கடை வைத்திருப்பவர். செய்தியைச் சொன்னதும் உடன் வந்தார். முறிந்த கொக்கியைக் கண்டார், ஒன்றும் சொல்லவில்லை. ஆசிரியர் என்ற மரியாதை அவ்வளவு தூரம் தாங்கியது.

தூய்மை செய்வதற்குக் கைகழுவும் கிருமிநாசினியை நீட்டினோம். "வேண்டாங்க ஐயா. அதிலே கிளிசரின் இருக்கும், பிசுபிசுப்பு இன்னும் கூடிடும்" என்று மறுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்கி வந்து, காது குடையும் பஞ்சுக் குச்சியில் தொட்டுச் சிறிது சிறிதாகத் துடைத்தார். தண்ணீரை அண்ட விடவில்லை. நன்கு உலரட்டும் என்று அரைமணி காத்திருந்தபின் இயக்கிப் பார்த்தார். பத்து முறை அழுத்தினால் இருமுறை எழுத்து விழுந்தது. "பசை தாளுக்கு உள்ளேயும் போயிருக்குங்க ஐயா. இந்த மாடலில் விசைப்பலகையைத் தனியாகக் கழற்ற முடியாது. மேல்சட்டத்தோடு உருக்கி ஒட்டியிருப்பாங்க. முழுசாகத்தான் மாற்றணும். வர ஒரு வாரம் ஆகும்" என்றார்.

பிறகு நாம் இரவு செய்ததைக் காட்டினோம். ஒன்பது பக்கங்களையும் மேலோட்டமாகப் பார்த்தவர் சற்றே தயங்கி, "ஐயா, புள்ளி வரவேண்டிய இடத்திலெல்லாம் ஒரு கூட்டல் குறி போட்டிருந்தால், கடைசியில் கண்ட்ரோல், எச் அழுத்தி, கூட்டல் குறி எல்லாவற்றையும் ஒரே தடவையில் புள்ளியாக மாற்றியிருக்கலாமே" என்றார். தேடுவதற்கு எஃப் வேண்டும். மாற்றுவதற்கு எச் போதும். பதினாறு ஆண்டு ஆசிரியப் பணி அவ்விடத்தில் வாயடைத்து நின்றது. அம்மாணவர் அதனோடு விடாமல், பவர்டாய்ஸ் என்னும் இலவச மென்பொருளை நிறுவி, எவரும் பயன்படுத்தாத கேப்ஸ் லாக் விசை இனி எஃப் விசையாக இயங்குமாறு செய்து கொடுத்தார். அம்மென்பொருள் இயங்கும்போது மட்டுமே இவ்வேற்பாடு செல்லும்; கணினியைத் திறக்கும் கடவுச்சொல் திரையில் அதனை நம்பலாகாது. நமது கடவுச்சொல்லில் எஃப் இல்லை என்பது இறைவன் அருள்.

ஆக, வெள்ளி மாலைக்குள் நமக்கு மீண்டும் புள்ளி கிடைத்துவிட்டது. ஆயினும் ஒன்பது பக்கங்களுக்கும் ஒவ்வொன்றாக இட வேண்டும். திங்கட்கிழமை தவறிவிடும் என்று தோன்றியது. பேராசிரியரிடம் சொல்லிவிடுவதே முறை என்று, முடிந்த பக்கங்களையும் முடியாத ஒன்பதையும் தாளில் எடுத்துக்கொண்டு மஃரிபுக்குப் பின் அவர் இல்லம் சென்றோம்.

அவர் கோபிக்கவில்லை. "விசை போனால் போகட்டும் தம்பி. கையிலே என்ன வைத்திருக்கிறாய்?" என்றார்.

"கடைசி ஒன்பது பக்கம் ஐயா. புள்ளியில்லாமல் கிடக்கிறது. படிக்கத் தகாது."

"எனக்கு எல்லாப் பக்கமும் இப்போது அப்படித்தான். நீ படி; நான் கேட்கிறேன்."

படித்தோம். புள்ளியில்லாத பக்கத்தை வாய்விட்டுப் படிப்பது, இருட்டில் படி இறங்குவது போன்றது. ஒவ்வோரடியையும் ஊகித்தே வைக்க வேண்டும். நாமே அடித்தது என்பதால் பெரிதும் இடறவில்லை. மூன்றாம் பக்கத்தில் இரு சொற்களைக் குறித்து, "இவை ஒருபொருள்" என்று படித்தபோது அவர் கையை உயர்த்தினார்.

"என்ன படித்தாய்?"

"இவை ஒருபொருள், ஐயா."

"நான் அப்படி எழுதவில்லை. 'இவை ஒருபொருள' என்று எழுதினேன்."

தாளில் 'ஒருபொருள' என்றுதான் இருந்தது, புள்ளியில்லாமல். வாய்தான் பழக்கத்தால் புள்ளி வைத்துக்கொண்டது. இவை ஒரு பொருளை உடையன என்று முற்றுப்பெறும் பலவின்பால் குறிப்பு வினைமுற்று அது. நன்னூலில் பாடம் நடத்துகிறோம். தேர்வில் வினாவாகவும் வைக்கிறோம்.

அவர் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "முன்பக்கங்களில் என்ன செய்திருக்கிறாய்?" என்றார்.

அப்போதுதான் நமக்கு வியர்த்தது. அவருடைய கையெழுத்தில், விரைந்து எழுதிய இடங்களில் புள்ளி விடுபட்டிருக்கும். அடிக்கும்போது அவற்றையெல்லாம் நாமே இட்டு நிரப்பி வந்தோம். 'பொருள' என்று கண்ட இடங்களையும் அவ்வாறே விடுபாடு எனக் கொண்டு, ஒரு புள்ளியை ஈந்து, 'பொருள்' ஆக்கிவிட்டிருந்தோம். அதுமட்டுமா? 'பல பாடங்கள் உள' என்று அவர் எழுதிய ஓரிடத்தை 'உள்' என்று ஆக்கியிருந்ததைப் பின்னர்க் கண்டோம். முன்பக்கங்கள் சிலவற்றை எடுத்துப் படிக்கத் தொடங்கினோம். பதினோராம் பக்கத்தில் ஒன்று, பதினான்கில் இரண்டு.

"அந்தப் புள்ளிகள் யாருடையவை தம்பி? என்னுடையவை இல்லையே" என்றார்.

விசை நன்றாக இருந்திருந்தால் அந்த ஒன்பது பக்கங்களையும் வெள்ளி விடியலுக்குள் முடித்து, கோப்பை அச்சகத்திற்கு அனுப்பிவிட்டு, நூல் வெளிவந்தபின் அவர் கையில் கொண்டுபோய்க் கொடுத்திருப்போம். அவரால் படிக்கவியலாது, மாலை போட்டுப் பொன்னாடை போர்த்தியிருப்போம். படித்த ஒருவர் என்றேனும் அவர் முன்னே அப்பக்கத்தை வாசித்துக் காட்டியிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை எண்ணவே மனம் துணியவில்லை.

திங்கட்கிழமைத் தவணையை விட்டுவிட்டோம். துறைத் தலைவர் பெருந்தன்மையோடு விழாவில் நூல் வெளியீட்டை நீக்கி நிகழ்ச்சி நிரலை மாற்றினார். 'பொருள்' என்னும் சொல்லைக் கணினியில் தேடியபோது நூற்றுக்கு மேற்பட்ட இடங்கள் வந்தன. அவற்றுள் எது 'பொருள்', எது 'பொருள' என்பதைக் கணினி சொல்லாது. ஏடுகளோடு ஒப்பிட்டு, ஐயம் தோன்றிய இடங்களைத் தாளில் குறித்துக்கொண்டு, ஏழு மாலைகள் அவர் இல்லத்திற்குச் சென்றோம். நாம் படிப்போம்; அவர் கேட்பார். சரியான இடத்தில் ஒன்றும் சொல்லமாட்டார். தவறான இடத்தில் மட்டும் சாய்வு நாற்காலியின் கையில் விரலால் ஒரு தட்டுத் தட்டுவார். இடையிடையே ஏடுகளில் இல்லாத செய்திகளும் வந்தன. நான்கு பக்கங்கள் கூடின. ஆறாண்டுகளாக இம்மாலைகள் நமக்கு வாய்த்திருக்கக் கூடியனவே என்ற எண்ணம் வந்துபோகாமல் இல்லை.

நூல் இரண்டு திங்கள் கழித்து, ஆரவாரமின்றி, அவர் வீட்டுத் திண்ணையிலேயே அவர் கையில் தரப்பட்டது. முதற்பக்கத்தைத் தடவிப் பார்த்துவிட்டு, "அந்த மாணவன் வந்திருக்கிறானா?" என்று கேட்டார். அவர் வந்திருந்தார்.

மடிக்கணினிக்குப் புது விசைப்பலகை பொருத்தியாயிற்று. பிடித்த கூலியும் விலையுமாக 2,800 ரூபாய் ஆயிற்று. எஃப் விசை இப்போது மெல்லத் தொட்டாலே புள்ளி வைக்கிறது. பவர்டாய்ஸையும் நீக்கிவிட்டோம். ஆனால் அந்த இரண்டு திங்களில் இடக்கைச் சிறுவிரல் வேறு பாடம் கற்றுக்கொண்டுவிட்டது. புள்ளி வேண்டிய இடத்தில் அது இன்னும் கேப்ஸ் லாக் விசையைத் தேடிப்போய் அழுத்துகிறது. மகள் தன் கல்லூரி விண்ணப்பத்தை நிரப்ப உட்கார்ந்தால் பெயரெல்லாம் பெரிய எழுத்தில் விழுகிறது. "அத்தா, மறுபடியும் கேப்ஸ் லாக்கைப் போட்டுவிட்டுப் போயிட்டீங்க" என்று உள்ளிருந்து குரல் வருகிறது. எழுந்துபோய் அணைத்துவிட்டு வருகிறோம்.